எல்லோருக்கும் ஒரு 'பெற்றுக்கொண்டேன்'

மெயில் தொல்லை தாங்க முடியவில்லை என்று புகார் சொல்லியே அன்று காலையில் ஏகப்பட்ட மெயில்கள் வந்திருந்தன. கிறிஸ்துதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 'பெற்றுக்கொண்டேன், நன்றி' என்று பதில் தட்டினார். எல்லோருக்கும் தெரியட்டும் என்று குழுவுக்கே அனுப்பினார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகவே நரைத்த மனிதர். வந்த சீட்டுக்குப் பதில் சீட்டு போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ரிட்டயர் ஆனபின் அவரை 'ரைட்டரே' என்று கூப்பிட ஆளில்லாமல் போயிருந்தது. காப்பி விவசாயிகளின் மெயில் குழுவை நடத்தும் பொறுப்பு கிடைத்த பிறகுதான் மறுபடி முதுகு நிமிர்ந்தது. இப்போது அதற்கும் ஆபத்து. சங்கச் செயலாளர் மேக்ஸ்வெல் கரடியூரிலிருந்து போன் செய்தார்.

"ஏனுங்க ரைட்டரே, பொட்டியத் தொறந்தா மெயிலாக் கொட்டுதுங்க. ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்குள்ள சரிபண்ணிப்போடுங்க. இல்லாட்டி வேற ஆளைப் போடோணும்ங்கறாங்க."

கிறிஸ்துதாஸுக்குச் சுருக்கென்றது. காப்பி விலை, மிளகுக் கொடி நோய், கோயில் திருவிழா எல்லாம் ஒரே குழுவில் வந்தால் பெட்டி நிரம்பாமல் என்ன செய்யும்? 'விவசாயம்', 'பொது' என்று இரண்டாகப் பிரித்தார்.

மதியத்துக்குள் சிக்கல் வந்துவிட்டது. வெள்ளக்கடையில் நல்லமுத்துவின் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்தது. அது விவசாயமா, பொதுவா? நல்லமுத்து எதற்கு வம்பு என்று இரண்டிலும் போட்டார். கிறிஸ்துதாஸ் இரண்டிலும் பெற்றுக்கொண்டார். ஏன் ஒன்றில் மட்டும் போட வேண்டும் என்று இரண்டிலும் விளக்கினார். எருமை விவசாயம்தான் என்று ஒரு கட்சி, பொதுதான் என்று இன்னொரு கட்சி. சொன்னவர்கள் மனம் கோணாமல் எல்லாக் கருத்தையும் அவர் பெற்றுக்கொள்வதற்குள் எருமை மேய்ந்துவிட்டுப் போய்விட்டது.

எதில் போடுவது என்ற சந்தேகங்களைக் கேட்பதற்கென்றே மூன்றாவதாக ஒரு குழு தொடங்கினார். மூன்றில் அதுதான் அமோகமாக நடந்தது.

மனைவி லூர்துசெல்வி காப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பேசாம பழையபடி ஒண்ணாச் சேத்துப்போடுங்க. உங்களுக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி."

செவ்வாய்க்கிழமை சேர்த்தார். அதே ஆட்கள் மூன்று குழுவிலும் இருந்ததால் சேர்த்த செய்தி ஆளுக்கு மூன்று தடவை போனது. இதென்ன கூத்து என்று கேட்டு மெயில்கள் குவிந்தன. வெளியே காற்று சுழன்றடிக்க, கிறிஸ்துதாஸ் சளைக்காமல் ஒவ்வொன்றையும் பெற்றுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அதிசயம். ஒரு மெயில்கூட இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சேர்த்ததுதான் சரி என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. தினமும் மறக்காமல் 'அமைதி காத்தமைக்கு நன்றி' என்று குழுவுக்கு ஒரு மெயில் எழுதினார். காலிப் பெட்டியைப் பார்க்கிற சுகத்துக்காகவே கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மேக்ஸ்வெல் அவர் தோளில் சால்வை போர்த்தினார்.

"செவ்வாக்கெழமை சாயங்காலத்துலருந்து நொம்ப நிம்மதிங்க. தேவையான மெயிலு மட்டும்தான் வருது. இனி இந்தப் பொறுப்பு எப்பவும் உங்களுதுதானுங்க."

மெயில் வருகிறதா என்று கிறிஸ்துதாஸ் ஒரு கணம் யோசித்தார். அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். யோசனை போய்விட்டது, கண் கலங்கிவிட்டது. பதவி தப்பியது. இனி யாரும் அசைக்க முடியாது.

சால்வையைக் கழற்றாமலே வீடு வந்து சேர்ந்தார். வாசலில் சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஏணியிலிருந்து இன்டர்நெட் லைன் பார்க்கும் தினேஷ் இறங்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"செவ்வாக்கெழமைக் காத்துல கெளை உழுந்து உங்க ஊட்டு ஒயரு மட்டும் அறுந்து கெடந்துச்சுங்கய்யா. இப்பத்தான் சேத்துனேன். நீங்க எழுதிப் போகாம நின்ன மெயிலெல்லாம் இந்நேரம் மொத்தமாக் கெளம்பிப் போய்ட்டிருக்கும், உள்ள போய்ப் பாருங்க."