ஒரு கத்தலுக்கு முன் அனுமதி

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: குடிநீர் அலுவலகத்தின் இரண்டாம் பிரிவில் நெடுங்காலமாக முடிவெடுக்கப்படாமல் கிடந்த விவகாரம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கத்தல். எழுத்தர் ஒருவரின் தொண்டையில் தங்கியிருந்தது.

வேலையில் சேர்ந்த நாள்முதல் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, விழுங்கி விழுங்கிச் சேர்த்த கத்தல். வீட்டில் கத்தலாம் என்றால் மனைவி திருப்பிக் கத்துவாள். ஆகவே அவர் ஒரு ராக் இசைக்குழு தொடங்கினார். இந்தக் காலத்தில் கோபக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். கிட்டார் வாங்கினார். முடி வளர்த்தார், மேலதிகாரி முறைத்ததும் பாதியை வெட்டினார். தனக்குப் 'புயல்' என்றும் குழுவுக்குக் 'கலகம்' என்றும் பெயர் வைத்தார்.

டிரம்ஸுக்கு அலுவலக ஜீப் ஓட்டுநர் கிடைத்தார். கீபோர்டுக்கு வந்தவர், சாட்சாத் அந்த மேலதிகாரியான கண்காணிப்பாளரேதான்.

"நம்ம பிரிவுல கலகம் நடந்தா, அது என் தலைமையிலதானே நடக்கணும்? நாளைக்கு மேலிடத்துல கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. புயல் தலையாட்டினார்.

முதல் வெளியீட்டுக்கான பாட்டு 'நாற்காலிக்குத் தீ வை'. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தாள்.

"டிரம்ஸ் முதல்ல ஆரம்பிங்க."

ஓட்டுநர் குச்சியைத் தொடவில்லை. "சார் இருக்கும்போது நான் எப்படிம்மா முந்துறது?"

கண்காணிப்பாளர் தொடங்கினார். மற்ற இருவரும் அரைத் தட்டு பின்னால் வந்தார்கள். "ஏன் எல்லாரும் பின்தங்குறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"மரியாதைம்மா," என்றார் ஓட்டுநர்.

பாட்டின் நடுவில் கண்காணிப்பாளர் கையைத் தூக்கினார். "எந்த நாற்காலின்னு தெளிவா இல்லையே. 'பழுதடைந்த நாற்காலிக்கு உரிய முறையில் தீ வை'ன்னு மாத்துங்க."

"தாளத்துல நிக்காதே சார்," என்றார் புயல்.

"வழக்குன்னு வந்தா நிக்கும்."

புயல் மாற்றிப் பாடினார். பாட்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும். முடிவில் வரும் அந்த ஒரு கத்தல் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வீட்டைப் போல இங்கே திருப்பிக் கத்த யாருமில்லை. இசை நின்றது. மூச்சை அடிவயிறு வரை இழுத்தார். வாயைத் திறந்தார். எதிரே கண்காணிப்பாளரின் முகம்.

"சார்... கத்தட்டுமா?"

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எவ்வளவு சத்தமா?"

"சுமாராத்தான் சார்."

"பார்க்கலாம். அடுத்த வாரம் ஞாபகப்படுத்துங்க."

அதோடு அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தது.

"என்னாச்சு, கத்திட்டீங்களா?" என்று மனைவி ஆசையோடு கேட்டாள்.

"கேட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதார்.

ஒலிப்பதிவாளர் பதிவானதை ஒன்றுவிடாமல் அப்படியே வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பாட்டு ஊரையே ஒரு கலக்கு கலக்கியது. 'அதிகாரத்தின் முகத்தில் அறையும் மௌனம்' என்று விமர்சகர்கள் உருகினார்கள். தாளம் அரைத் தட்டு பிந்துவது புதுப் பாணி என்றார்கள். மற்ற குழுக்களும் பிந்தத் தொடங்கின. 'கத்தட்டுமா?' என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முதல் மேடை. கண்காணிப்பாளருக்குப் பல்வலி, வரவில்லை. புயலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்று யாரையும் கேட்கப் போவதில்லை. பாட்டு முடிந்தது. மூச்சை இழுத்தார்.

அரங்கம் முழுவதும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே குரலில் கேட்டது:

"சார்... கத்தட்டுமா?"

புயல் வாயை மூடினார். இத்தனை பேர் தன்னைப் பார்த்து 'சார்' என்கிறார்களே! தொண்டையில் இருந்தது மெல்லக் கரைந்து வயிற்றுக்குள் இறங்கியது. எத்தனை சுகம்! தன்னை அறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா எப்படி? வரிசையில வாங்க."

மறுபேச்சில்லாமல் வரிசை உருவானது. அது மேடையிலிருந்து வாசலைத் தாண்டித் தெருவுக்கு நீண்டது. தெருவில் போனவர்களும், எதற்கென்று கேட்காமல், வந்து கடைசியில் நின்றுகொண்டார்கள்.