கொம்பு சுரண்டிச் சான்றிதழ் வாங்கிய ஊர்

எங்கள் ஊர் கீழ்க்கொட்டாங்கல், ஜவ்வாது மலையில் இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து வரும் பஸ், டிரைவருக்கு மனசு வந்தால் ஊர் வரை ஏறும். வராவிட்டால் கீழ் வளைவிலேயே திரும்பிவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் இன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் அரசாங்கச் சான்றிதழ் பெற்ற வல்லுநர். பழைய பெயிண்டைப் பாதுகாப்பாகச் சுரண்டி எடுப்பதில் வல்லுநர். இந்தப் பெருமை எங்களை வந்தடைந்த வரலாறு பதிவாகாமல் போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஆரம்பம் மிகவும் சாதாரணமானது. எங்கள் அங்கன்வாடிச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருக்கும். எந்தக் காலத்தில் அடித்ததோ, ஓதம் ஏறி ஏறி அப்பளம் மாதிரிப் பொரிந்து உதிர ஆரம்பித்தது. பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தின்றன. நதியாவின் மகள் பூவிழி கொஞ்சம் அதிகமாகவே தின்றாள். மூன்று வயசுப் பிள்ளைக்குக் கீழே கிடப்பதெல்லாம் தின்பண்டம்தான்.

மலைக்கு வந்த மருத்துவ முகாமில் பூவிழிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெயிண்டில் ஈயம் இருக்கிறது, அது பிள்ளை உடம்பில் ஏறியிருக்கிறது, இன்னும் ஏறினால் புத்தி மந்தமாகிவிடும், முதலில் சுவரைச் சுத்தம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நதியா கூலி வேலைக்குப் போகிறவள். பிள்ளையை விட வேறு இடம் கிடையாது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அவளுடைய அண்ணன் ரஞ்சித் பெயிண்டர். வாணியம்பாடிப் பக்கம் வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவன். "அழுவாத. நானே சுரண்டித் தர்றேன். தாய்மாமன்னு நான் எதுக்குக் கீறேன்?" என்றான். சொன்னபடி பெயிண்ட் சுரண்டுகிற தகட்டோடும் தண்ணீர் வாளியோடும் வந்து நின்றான். அதே நேரத்தில், முகாம்காரர்கள் மேலே எழுதிப் போட்டதன் பலனாக, ஒரு ஜீப்பும் வந்து நின்றது.

இறங்கியவர் அன்பரசன். பழம்பூச்சு அகற்றல் பிரிவின் பயிற்சி அலுவலர். அப்படி ஒரு பிரிவு இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"என்ன பண்றே?"

"சுரண்டப் போறேன் சார்."

"சான்றிதழ் இருக்கா?"

"தகடு கீது சார்."

"ஈயப் பூச்சு அபாயமானது. சான்றிதழ் இல்லாதவங்க கை வைக்கக் கூடாது."

நதியா முன்னால் வந்தாள். "கொழந்தைங்க வாய் வைக்கலாமா சார்?"

அன்பரசன் பொறுமைசாலி. "சுரண்டினாத்தாம்மா எங்க பிரிவு. இது தானா உதிருது. உதிர்றது எங்க பிரிவுல வராது" என்று விளக்கினார்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஊரிலேயே பயிற்சி முகாம் நடத்துவதாக வாக்களித்தார். எழுதப் படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் சேரலாம். நதியாவைத் தவிர. பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாய் சேர்ந்தால் பயிற்சியின் நடுநிலைமை கெட்டுவிடுமாம்.

முகாம் தொடங்கியது. முதல் நாள் பாடம்: தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும், தூசி பறக்கக் கூடாது, முகக்கவசம் கட்ட வேண்டும். முகக்கவசம் கட்டிப் போட்டோ எடுத்ததும் எல்லோரும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று. விரிப்பைத் தலைக்கு மேலே பந்தலாகக் கட்டினோம். அதிகாரிகள் வெயிலில் நிற்கலாமா?

இரண்டாம் நாள் செய்முறை. அங்கேதான் சிக்கல் வந்தது. செய்முறைக்கு ஈயப் பூச்சுள்ள பழைய பரப்பு வேண்டும். ஊரில் அது ஒன்றுதான் இருக்கிறது, அங்கன்வாடிச் சுவர். பயிற்சி முடிக்காதவர்கள் அதைத் தொடக் கூடாது. அதைத் தொடாமல் பயிற்சி முடியாது. மற்ற வீடுகளெல்லாம் மண்ணும் சுண்ணாம்பும்தான். அன்பரசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது எதிரில் அருணகிரியின் செவலைக்காளை வந்து நின்று தலையை ஆட்டியது.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் பழையதைச் சுரண்டுகிற பழக்கம் கிடையாது; அதன் மேலேயே புதுசு ஏறும். சிவப்புக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் பச்சை. எல்லாம் கடையில் கிடைத்ததிலேயே மலிவான, பளபளப்பான சரக்கு. செவலையின் கொம்பு வயசுக்கு மீறிப் பெருத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

அன்பரசனின் முகம் மலர்ந்தது. "இந்த மாட்டை எங்க கட்டுவீங்க?"

"வூட்டுலதான் சார்" என்றார் அருணகிரி.

"அப்போ கொம்பு, வீட்டைச் சார்ந்த பழம்பூச்சுள்ள பரப்பு. சட்டத்துல இடம் இருக்கு."

இன்னொரு விதியும் இருந்தது. சுரண்டும் நேரத்தில் அந்தப் பரப்பை ஒட்டி வசிப்பவர் யாரும் அங்கே இருக்கக் கூடாது. கொம்பை ஒட்டி வசிப்பது காளை. அதை எப்படி அப்புறப்படுத்துவது? நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, காளையின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டால் அது அங்கே இல்லாததாகக் கருதலாம் என்று முடிவானது. அப்படியே கருதினோம்.

நதியாவும் தன் பங்குக்குப் பிள்ளையின் வாயில் துணி கட்டித்தான் அங்கன்வாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பூவிழி அதைச் சுலபமாக அவிழ்த்துவிட்டுப் பொறுக்கினாள்.

ஊர் முழுக்க வரிசையில் நின்று கொம்பு சுரண்டியது. ரஞ்சித்துக்கு முதலிடம். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், ஓரத்தில் பொன்நிறக் கோடு போட்டு. செவலைக்கும் ஒன்று உண்டு: ஒத்துழைப்புச் சான்றிதழ். உடம்பை விட்டு ஈயம் போனது அதற்கு மட்டும்தான் என்பதால், அது தகுதி பார்த்துக் கொடுத்ததுதான்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் பழைய ஊராக இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் 'ஈயப்பூச்சு அகற்றல் வல்லுநர்' என்று போட ஆரம்பித்தார்கள். ஒடுகத்தூரில் பெண் பார்க்கப் போனால், "பையன் சர்ட்டிபிகேட் வாங்கிட்டானா?" என்று கேட்டார்கள். சான்றிதழை லேமினேஷன் செய்யாதவனை ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

நதியா அண்ணனிடம் போனாள். "இப்பத்தான் சர்ட்டிபிகேட் கீதே. வந்து சுரண்டிக் குடுண்ணா."

ரஞ்சித் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "இன்னா நதியா, வெவரம் தெரியாம பேசுற. ஒருத்தர் சுரண்டணும், ஒருத்தர் மேற்பார்வை பாக்கணும். அதான் ரூல். மேற்பார்வைக்கு நான் எப்ப வேணா வர்றேன். சுரண்டறதுக்கு ஆள் பாத்து வையி."

"முன்னாடி நீயே வாளி எடுத்துட்டு வந்தியே."

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல."

அவள் வீடு வீடாகப் போனாள். எல்லோரும் மேற்பார்வைக்குத் தயாராக இருந்தோம். சுரண்டுவதற்காகவா இவ்வளவு படித்தோம்?

பயிற்சியில் எடுத்த படத்தைப் பெரிசாகச் சட்டம் போட்டு அன்பரசன் கொண்டுவந்தார். அதை அங்கன்வாடியில் மாட்டுவதாக ஏற்பாடு. ஊரே கூடியிருந்தது. அன்பரசன் பேசத் தொடங்குவதற்குள், நதியா அண்ணனுடைய தகட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரிடம் போனாள்.

நாங்கள் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. நல்ல காரியம் ஒன்று கெட்டுப்போகாமல் தடுக்கும் பொறுப்பு எங்களுக்கு இருந்தது. ஓடிப்போய் அவளை மறித்தோம். அன்பரசனுக்கு வேலையே வைக்கவில்லை. ரஞ்சித்தான் கேட்டான்.

"சர்ட்டிபிகேட் கீதா உனக்கு?"

நதியா அவனைப் பார்த்தாள். பார்த்த பார்வை நன்றாக இல்லை. "சரி. நீ சுரண்டு" என்று தகட்டை அவன் கையில் கொடுத்தாள்.

ரஞ்சித் அதை அருணகிரியிடம் கொடுத்தான். அருணகிரி பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். கைமாறிக் கைமாறி என் கைக்கும் வந்தது; நானும் மரியாதையாக அடுத்தவரிடம் நீட்டினேன். தகடு கூட்டத்தைச் சுற்றி வந்து மறுபடி நதியாவிடம் நின்றது. சான்றிதழ் இல்லாதவர் கையில் கருவி இருப்பது குற்றம் என்பதால், அன்பரசன் அதை வாங்கி ஜீப்பில் வைத்துப் பூட்டினார்.

"பாவிங்களா, எம் பொண்ணு உங்களுக்கு இன்னா பண்ணா?" என்றாள் நதியா. விழா நேரத்தில் இது போன்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது?

படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டும். முதல் மாணவன் என்பதால் ரஞ்சித்துக்கே அந்தக் கௌரவம். பச்சைப் பெயிண்டில், பிள்ளைகளுக்கும் தெரிகிற உயரத்தில், சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் சுவர் பொலபொலவென்று கொட்டியது. பூவிழி கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் பொறுக்கினாள். நதியா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

படம் கோணாமல் நின்றது. ஆணி அடிக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு நதியா தோண்டிக்கொண்டிருந்தபோது, நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.