கப்பல்காரரின் மூக்கு

திருப்பூரில் கடல் இல்லை என்பதை ஒரு குறையாகவே மதிக்காத ஒரே மனிதர் எங்கள் கப்பல்காரர்தான். பனியன் கம்பெனி முதலாளி. அறுபதுகளில் நான் அவரிடம் மேனேஜர். சரக்கு விஷயமாகக் கொச்சிக்குப் போனவர், ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் படகை எடுத்துக்கொண்டு திரும்பினார். வெள்ளைக்காரர் யாரோ உல்லாசமாகச் சுற்றிய படகு. உள்ளே படுக்கை, மேஜை, ஒரு குட்டிக் கக்கூஸ். லாரியில் பாலக்காட்டைத் தாண்டி வந்ததைக் கம்பெனி முற்றத்தில் மரக்கட்டைகள்மேல் நிறுத்தினோம்.

"தண்ணி எங்கீங்க?" என்றேன்.

"மழை பேஞ்சா நொய்யல் ஆத்துல வருமுங்க," என்றார். பிறகு நங்கூரத்தை வேப்பமரத்தில் கட்டினார். "காத்தடிச்சா நகந்துருமுங்க."

அன்று முதல் மதியத் தூக்கம், வியாபாரிகளிடம் பேரம், மற்ற அவசரங்கள் எல்லாம் படகில்தான். கொஞ்ச நாளில் அதிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. வியாபாரிகள் பேரம் பேசாமலே கிளம்ப ஆரம்பித்தார்கள்.

இத்தனைக்கும் ஊரிலேயே பொல்லாத மூக்கு அவருடையது. சலவைப் பட்டறையிலிருந்து வரும் துணியில் லாட்டுக்கு, அதாவது ஒவ்வொரு தவணைச் சரக்குக்கும், ஒரு துண்டு வெட்டி அவர் மேஜையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பார். "பிளீச்சிங் பவுடர் வாசம் போகலீங்க, இன்னொருக்கா அலசச் சொல்லுங்க" என்றால் அதற்கு அப்பீல் கிடையாது. அந்த மூக்கு படகுக்குள் நுழைந்ததும் விடுப்பில் போய்விடும்.

"அது கடல் வாசமுங்க," என்றார்.

"கடல் இப்படி நாறுனா மீனெல்லாம் எப்பவோ கரையேறியிருக்கும்," என்றார் அவர் மனைவி. "ஏனுங்க, தைப் பொங்கல் நோம்பிக்கு எங்க அண்ணன் ஊட்ல எல்லாரும் வர்றாங்க. அதுக்குள்ள இது போகலைன்னா, கப்பல உடைக்கறதுக்குப் பழைய இரும்புக்காரனக் கூப்புடுவேன்."

அந்தம்மாள் சொன்னால் செய்வார். கப்பல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் திருப்திக்காக, கக்கூஸிலிருந்து கழிவுத் தொட்டிக்குப் போகும் ரப்பர் ஓஸ் குழாய்களைப் பனியன் துணியால் சுற்றினார், குழந்தைக்குச் சளி பிடித்தால் சுற்றுவதுபோல மூன்று நான்கு அடுக்கு. துணி நாற்றத்தை உறிஞ்சிச் சேமித்து வட்டியோடு திருப்பித் தந்தது.

எதற்கும் ஒரு முறை உண்டு. துணிகளை அவிழ்த்தெறிந்தேன். சுத்தமான துண்டு ஒன்றை வெந்நீரில் நனைத்து ஓஸ்மேல் சுற்றி, ஆறியதும் எடுத்து முகர்ந்தேன். அதே நாற்றம். ஒழுகல் எங்கும் இல்லை. ரப்பரே ஊறிப்போய் வாசத்தை வெளியே விடுகிறது. ஓஸை மாற்றாமல் வேறு வழியில்லை. ஆனால் இதை அவரிடம் சொன்னால் மறுபடி கடல் வரும். ஆகவே துண்டைக் காயவைத்து, காலை லாட்டுத் துண்டுகளோடு மேஜையில் வைத்துவிட்டேன்.

ஒன்று, இரண்டு தேறின. மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"எந்தப் பட்டறைக்காரனுங்க இவன்? துணிய எதுல அலசறான்? லாட்டையே திருப்பி அனுப்புங்க!"

"பட்டறை இல்லீங்க. நம்ம கப்பல் லாட்டுங்க."

துண்டை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினார். பிறகு, "அப்ப மாத்திப்போடலாமுங்க," என்றார், சின்னக் குரலில்.

கோவையிலிருந்து தடித்த ஓஸ் வந்தது. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல எந்தப் பக்கமும் வளைய மறுத்தது. நுனியை வெந்நீரில் முக்கி, சோப்புத் தடவித் திணித்து, முனைக்கு இரண்டு கிளிப் போட்டோம். கடைசி முனையைத் தானே மாட்டுவதாகக் கப்பல்காரர் படகின் அடித்தளச் சந்துக்குள் தலையை விட்டார். தொந்தி நுழையவில்லை.

"மேனேஜரு, ஓஸ் மாட்டியாச்சுங்க. நானும் மாட்டிக்கிட்டேன்."

காலைப் பிடித்து இழுத்தோம். இழுக்கும்போதே, "ஓஸ் எங்கியாச்சும் தொங்குதுங்களா?" என்று கேட்டேன். தொங்கினால் அங்கே தேங்கும், தேங்கினால் பழைய கதை. "நெட்டுக்கு நிக்குதுங்க," என்றார், தலைகீழாக.

மறுபடி வெந்நீர்த் துண்டு. அவரே முகர்ந்தார். கண்ணை மூடி, இன்னொரு முறை. "பாஸுங்க."

நோம்பிக்கு முந்தின நாள் அந்தம்மாள் ஏணியில் ஏறி உள்ளே போனார். வெளியே நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கக்கூஸ் கதவு திறந்து மூடியது. பிறகு சன்னலில் தலை தெரிந்தது.

"காப்பிய இங்கியே கொண்டாரச் சொல்லுங்க. அண்ணனும் அண்ணியும் ராத்திரிக்கு இதுலயே படுத்துக்கட்டும்."

கப்பல்காரர் வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்க, கைக்கு எட்டிய துண்டுத் துணியை எடுக்கப் போனார். அது எந்த லாட்டோ? அவசரமாக என் கைக்குட்டையை நீட்டினேன். கடைசிவரை அதை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.