பன்னிரண்டாம் நம்பர் பல்

பன்னிரண்டாம் நம்பர் பல் நேராக நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

முதல் பதினொன்றும் பிசின் கட்டிகளில் சமர்த்தாக உட்கார்ந்து, எந்திரத்தின் எஃகு முனை இறங்கியதும் மரியாதையாக உடைந்திருந்தன. இது மட்டும் வேர் கொக்கிபோல வளைந்து, ஒருக்களித்து நின்றது.

எந்திரத்தை ஓட்டுகிறவருக்குச் சோதனைக்கூடத்தில் 'உடைப்பு மாஸ்டர்' என்று பெயர். செங்கல், கம்பி, ஹெல்மெட் என்று கொடுத்ததையெல்லாம் உடைத்து, எத்தனை கிலோ தாங்கியது என்று எழுதித் தருவதில் இருபத்திரண்டு வருஷ அனுபவம். அவர் அந்தப் பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"அட, இது என் பல்லு!"

போன வருஷம் அவருக்குக் கடைவாய்ப் பல், மனைவிக்கு இடமில்லாமல் முளைத்த ஞானப் பல் என்று ஒரே நாளில் ஆளுக்கொன்று பிடுங்கி, இரண்டையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அன்று டாக்டரம்மா தட்டை நீட்டி, "வேரைப் பாருங்க, கொக்கி மாதிரி! என்ன உறுதி!" என்று அவர் பக்கம் திரும்பித்தான் சொன்னார். வாயில் பஞ்சு இருந்ததால் மாஸ்டரால் நன்றி சொல்ல முடியவில்லை.

அந்த டாக்டரம்மாவின் ஆராய்ச்சிதான் இது. வேர் சிகிச்சையில் பல்லுக்குள் வைக்கிற மருந்து கிருமியைக் கொல்லும். மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் பல்லின் பலத்தையும் குறைக்குமா? நாற்பது பற்களில் ஒரு வாரம் முதல் ஆறு மாதம் வரை மருந்தை ஊறவைத்து எடுத்து வந்திருந்தார். எது யாருடைய பல் என்பது அவருடைய நோட்டுக்கு மட்டுமே தெரியும்.

காலையில் எந்திரத்தைச் சரிபார்க்க நம்பர் போடாத பல் ஒன்றைக் கொடுத்தார்.

"இது கணக்குல சேராது மாஸ்டர். மருந்து வெச்சதும் வலி போச்சுன்னு, ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வராத ஒருத்தரோடது."

எஃகு முனை தொட்டதுதான் தாமதம், பல் பிஸ்கட்டாகப் பொடிந்தது. பதினெட்டு கிலோ.

"அந்த மகராசன் தண்ணியைக்கூட மென்னுதான் குடிச்சிருப்பான்!" என்று மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரம்மாவுக்கு ஏனோ இருமல் வந்தது.

இப்போது பன்னிரண்டு. மாஸ்டர் கட்டியின் அடியை அரத்தால் தேய்த்தார். பல் மறுபக்கம் சாய்ந்தது. மெழுகு வைத்து நிமிர்த்தினார். விளக்குச் சூட்டில் மெழுகு இளகி, பல் கட்டியோடு உருண்டு பீரோவுக்கு அடியில் புகுந்தது. டார்ச்சோடு தவழ்ந்து போய், தலையில் ஒரு வீக்கத்தோடு மீட்டு வந்தார். பசை வைத்தார். பல்லோடு கட்டைவிரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

"மாஸ்டர், விரலையும் சேர்த்து உடைக்கப் போறீங்களா? மத்த பதினோரு பல்லுக்கும் இந்த உபசாரம் நடக்கலையே!"

"அதெல்லாம் சும்மா முளைச்ச பல்லும்மா. இது வாழ்ந்த பல்லு!"

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, சாப்பிட்டாச்சா?"

"சாப்பாடு கிடக்கட்டும். உன் பல்லு இந்நேரம் தூளாகியிருக்கும். என் பல்லு இப்பத்தான் மேடையேறுது!"

"ஆமா, பெரிய சிங்கப் பல்லு! வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடாத பல்லுதானே?"

"பொறுத்துப் பாருடி!"

விரலை விடுவிக்கவே அரைமணி ஆயிற்று. ஒருவழியாகப் பல் நிமிர்ந்து நின்றது. எஃகு முனை இறங்கியது. ஐம்பது. எண்பது. மற்றதெல்லாம் உயிரை விட்ட இடம் அது. நூறு. நூற்றிருபது. மாஸ்டர் மூச்சு விடவில்லை.

டப்!

நூற்று நாற்பத்தொன்று!

தான் உடைத்த பொருளுக்கு அவர் சல்யூட் அடித்தது அதுவே முதல் தடவை. மீதி இருபத்தெட்டையும் உடைத்து முடிக்கும்வரை சட்டையின் மேல் பட்டன் தெறித்துவிடும்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். ஒன்றுகூட நூறைத் தாண்டவில்லை.

"எல்லாம் முடிஞ்சாச்சு. இப்பப் பேரைச் சொல்லலாம் இல்லையா டாக்டரம்மா?" என்றவர், மனைவியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். சத்தம் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "சத்தமா சொல்லுங்க! பன்னிரண்டாம் நம்பர் சிங்கம் யாரோடது? எங்க வீட்டுலயும் கேக்கட்டும்!"

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். மறுபடியும் அந்த இருமல் வந்தது.

"அது உங்க வீட்டம்மாவோட ஞானப் பல்லு மாஸ்டர். உங்களோடதைத்தான் காலையில நம்பர் போடாம குடுத்தேன்."