ஓட்டுநருக்கு எதற்கு நிர்வாகம்?

மனித மூளையை முழுதாகப் புரிந்துகொண்ட இடங்கள் உலகில் இரண்டே. ஒன்று மருத்துவக் கல்லூரி. மற்றொன்று, நான் குமாஸ்தாவாகத் தொண்டாற்றும் பஸ் கம்பெனியின் விழுப்புரம் அலுவலகம்.

எங்கள் டிரைவர் கண்ணையன் பைக்கிலிருந்து விழுந்து, நெற்றியில் அடிபட்டு, நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். டாக்டர் கொடுத்த கடிதத்தோடு அவர் மனைவி பானுப்ரியாவும் வந்தார்.

"அவருகிட்ட பஸ்ஸ மட்டும் குடுக்காதீங்க சார். ஷெட்டுல வேற எதுனா வேலை போட்டுக் குடுங்க."

மேனேஜர் புகழேந்தி, செக்கிங் இன்ஸ்பெக்டர் குமரேசன், நான் ஆகிய மூவரும் உடனே 'உயர்மட்டக் குழு'வாகக் கூடினோம். புகழேந்தி கடிதத்தைக் கணீரென்று வாசித்தார்: "முன்மூளை பாதிப்பால் இவரது நிர்வாகச் செயல்பாடுகள் குறைந்துள்ளன. திட்டமிடுவதும், தன்னைக் கட்டுப்படுத்துவதும், தொடங்கியதை நிறுத்துவதும் கடினம்."

கடிதத்தை மடித்தார்.

"நிர்வாகம் என் வேலைம்மா. டிரைவருக்கு எதுக்கு அது?"

"அந்த நிர்வாகம் இல்லீங்க சார். கொஞ்சம் மல்லாட்டை உரிங்கன்னு சொன்னேன். வெதைக்கு வச்சிருந்த கடலை மூட்டை மொத்தத்தையும் உரிச்சிக்கினே இருந்தாரு. போதும்னாலும் கை நிக்கல."

'கடும் உழைப்பாளி' என்று குமரேசன் குறித்துக்கொண்டார்.

அடுத்தது 'அறிவியல்பூர்வமான' சோதனை. ஒரு தாளைக் கொடுத்து மூன்று வட்டம் போடச் சொன்னார் புகழேந்தி. கண்ணையன் மூன்று போட்டார். நான்காவதும் போட்டார். தாள் நிரம்பியதும் மேசையில் தொடர்ந்தார்.

"போதும் கண்ணையா."

"போதும் சார்," என்று மரியாதையாக ஒப்புக்கொண்டு அடுத்த வட்டத்தைப் போட்டார்.

பானுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசாட்சி உறுத்தியது. ஆனால் குமாஸ்தாவின் மனசாட்சி குழு உறுப்பினர் அல்ல.

"பிரேக்கும் இப்படித்தான் சார். போடணும்னு அவருக்குத் தெரியும், கால் போவாது. வண்டி நெறைய ஜனம் இருக்கும்."

புகழேந்தி யோசித்தார். எங்கள் அலுவலகத்தில் அது அபூர்வ நிகழ்ச்சி என்பதால் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் முகம் மலர்ந்தது.

"நிறுத்த வரல, அவ்ளோதான? திண்டிவனம் பாயின்ட் டு பாயின்ட்ல போட்டுடலாம். நடுவுல ஸ்டாப்பிங்கே கிடையாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நானே எழுதினேன்: 'வண்டி ஓட்டத் தகுதி உண்டு. நிர்வாகப் பொறுப்பு மட்டும் தரக் கூடாது.'

கதவருகே போன பானுப்ரியா திரும்பினார்.

"நீங்க மூணு பேரும் திண்டிவனத்துலேர்ந்துதான வேலைக்கு வர்றீங்க? நாளைக்கு அவரு வண்டியிலதான் வருவீங்களா?"

பதில் சொல்ல வந்த வாயை மூவரும் கட்டுப்படுத்திக்கொண்டோம். பிறகு ஒழுங்காகத் திட்டமிட்டோம். அன்று மாலையே மூவரும் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்துவிட்டோம். எங்கள் முன்மூளையில் ஒரு பழுதும் இல்லை.