எண்பது சதத் தலைவர்

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவராவது என்று தீர்மானித்தேன். மொன்றியலுக்கு அகதியாக வந்து மூன்று வருடமாகியும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆகையால் நானே என்னைக் கேட்டு, கொஞ்சம் பிகு பண்ணி, நானே சம்மதித்தேன். எதிர்த்து நின்றவர் சூசைப்பிள்ளை. திருகோணமலைக்காரர். அதிகம் பேசமாட்டார். யாருக்கு அகதி விசாரணை என்றாலும் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போவார். இப்படிப்பட்டவருக்கு அரசியல் எங்கே வரப்போகிறது?

அறுபது அங்கத்தவர்களையும் வீடுவீடாகப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் தேத்தண்ணி தந்து, "உங்களுக்குத்தான் அண்ணை" என்றார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. சூசைப்பிள்ளைக்கும் அதே தேத்தண்ணியும் அதே பதிலும் கிடைத்தன என்று பிறகுதான் அறிந்தேன்.

துறைமுகக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்குகிறவர் ஒரு புதினம் சொன்னார். அமெரிக்காவில் ஏதோ பல்கலைக்கழகத்தில் தேர்தலுக்குப் பங்குச் சந்தை நடத்துகிறார்களாம். ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை. எதில் காசைப் போடுகிறார்கள் என்றுதான் பார்ப்பார்களாம். அது எவ்வளவு சரியாக வரும்? அறியாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அன்றே எங்கள் குசினியில் சந்தை திறந்தேன். யாரும் ஒரு சீட்டு எழுதலாம்: "பேரின்பநாயகம் வென்றால் இதை வைத்திருப்பவருக்கு ஒரு டொலர் தருவேன்." கையெழுத்து வைத்து, கிடைத்த விலைக்கு விற்கலாம். நான் தோற்றால் சீட்டு வெறும் கடதாசி, விற்ற காசு விற்றவருக்கே. விலை எழுபது சதம் என்றால், நான் வெல்ல நூற்றுக்கு எழுபது வாய்ப்பு.

முதல் நாள் விலை முப்பது சதம்.

"சந்தையில ஏதோ பிழை இருக்கு" என்றேன் மனைவி கமலாவதியிடம்.

அவள் லீக்ஸ் வெட்டுவதை நிறுத்தவில்லை. "விலை கூடினா ஆக்கள் உங்கட பக்கம் சாய்வினமோ?"

"சாயாமல்? வெல்லப்போறவரோட நிக்கத்தானே எல்லாருக்கும் விருப்பம்."

"அப்ப நீங்களே வாங்குங்கோவன். ஆர் கொண்டுவந்தாலும் எண்பது சதமெண்டு சொல்லுங்கோ."

இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? செய்தி பரவியது. குசினி வாசலில் வரிசை நின்றது. பக்கத்து வீட்டுக் கிறேஸ் ஒரு கட்டாகவே கொண்டுவந்தாள். கையெழுத்தை யார் பார்த்தார்கள்? நான் விலையைத்தான் பார்த்தேன். பிரிட்ஜ் கதவில் 'எண்பது' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். ஏற்புரையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் இரகசிய வாக்கெடுப்பு. சூசைப்பிள்ளைக்கு ஐம்பத்தைந்து. எனக்கு ஐந்து.

வீட்டுக்கு வந்து, சீட்டுகளை மேசையில் பரப்பிக்கொண்டு இருந்தேன். தோற்றது ஒரு பக்கம். ஏன் தோற்றேன் என்று விளங்காததுதான் பெரிய வேதனை.

"எண்பது சொன்ன சந்தை எப்பிடியப்பா பிழைச்சது?"

"சந்தை முப்பதெண்டு சரியாத்தான் சொன்னது" என்றாள் கமலாவதி. "எண்பது நீங்கள் சொன்னது. நீங்கள் வெண்டா, சீட்டெழுதின ஒவ்வொருத்தரும் உங்களுக்கு ஒரு டொலர் தரவேணும். தோத்தா எண்பது சதம் அவைக்கு. பேந்து ஆர் உங்களுக்குப் போடுவினம்?"

எனக்கு எதிராக வாக்குப்போட ஊரையெல்லாம் கூப்பிட்டுக் கூலி கொடுத்திருக்கிறேன். அதுவும் முற்பணமாக.

"இது உமக்கு முதலே தெரியுமோ?"

"நீங்கள் தலைவரானா கூட்டமெல்லாம் இந்தக் குசினியிலதான் நடக்கும். நான் எங்க சமைக்கிறது?"

மனம் நொந்துதான் போனேன். ஆனாலும் அந்த ஐந்தில் ஒன்று என்னுடையது, இன்னொன்று கட்டாயம் இவளுடையது. அந்த ஆறுதலோடு கேட்டேன். "நீர் எனக்குத்தானே போட்டனீர்?"

"கிறேஸ் கொண்டுவந்ததில பதினாறு சீட்டு நான் எழுதினது. அவ்வளவையும் வித்துப்போட்டு எப்பிடியப்பா உங்களுக்குப் போடுறது?"