வேலை இல்லாமல் ஆபீஸ் போனவர்

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களிலேயே நேரம் தவறாதவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ஒருவரைக் கை காட்டுவேன். ஒரே ஒரு சிக்கல், அவர் அரசு ஊழியர் இல்லை. எந்த வகை ஊழியரும் இல்லை. கடலூரில் எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர். வீட்டில் இருந்தபடியே காத்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தினமும் ஆபீசுக்கு வந்து காத்திருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பதிவு அட்டையில் இருந்தது. ஊருக்கு அவர் சீனியாரிட்டி. பன்னிரண்டாவதும் டைப்பிங்கும் முடித்த கையோடு பதிந்தவர், இருபது வருஷம் ஆகப்போகிறது, தனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் அதிகம் பேசியதில்லை.

நான் அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்த வருஷம், அகலப்பாதை போடுகிறோம் என்று சிதம்பரம் பக்கம் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சிதம்பரத்தில் இருந்து வரும் எனக்கு பஸ்தான் கதி. முதல் நாள் புதுச்சத்திரத்தில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்ததில் லேட்டாகப் போய் இறங்கினேன். வாசலில் இஸ்திரி போட்ட சட்டையை டக்-இன் செய்துகொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

"மொத நாளே லேட்டா?"

"பஸ் லேட்டு சார்."

"அதுக்கு முந்தின பஸ்ஸு ஓடலியா?"

நடுங்கிப்போனேன். அவரே என்னை உள்ளே அழைத்துப் போய் சுற்றாத ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார். இவர்தான் சூப்பிரண்டு என்று நினைத்துவிட்டேன். நிஜமான சூப்பிரண்டு மூலையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவரை நான் யாரோ பார்க்க வந்த உறவுக்காரர் என்று நினைத்தேன். பல நாள் சீனியாரிட்டி வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அவரும் தலையசைத்து உட்காரச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு நாள் காலையில் உள்ளே அவரைக் காணவில்லை. என் கவுண்ட்டருக்கு வெளியே பதிவைப் புதுப்பிக்க வந்தவர்கள் நீளமாக நின்றார்கள். ஒவ்வொருவராக முடித்துத் தலையை நிமிர்த்தினால், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்.

"என்னா சார், இங்க நிக்கிறீங்க?"

"ரெனிவல்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பேரக் கேளு, நம்பரக் கேளு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

கேட்டேன். சொன்னார். முத்திரை குத்திக் கொடுத்தேன். அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "லேசா சாஞ்சிருக்கு, பரவால்ல" என்றார். பிறகு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று, "அடுத்த ஆளக் கூப்புடு" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். எழுந்து நிற்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

எப்படி இப்படி ஆனது என்று சூப்பிரண்டிடம் விசாரித்தேன். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ரெனிவலுக்கு வந்தவரிடம், ஆள் இல்லாத நேரத்தில், "இந்த ஃபைல் கட்டை அந்த ரூமுல வச்சிட்டு வாப்பா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வைத்துவிட்டு வந்து, "அப்புறம் சார்?" என்று கேட்டிருக்கிறார். "அந்த அப்புறத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலம்மா" என்றார் சூப்பிரண்டு.

இதையாவது ஏற்றுக்கொள்ளலாம். சூப்பிரண்டிடம் அவர் லீவு கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், வெள்ளிக்கிழம லீவு வேணும். மச்சான் கல்யாணம்."

"வெள்ளிக்கிழமையா? ரிசல்ட்டு வந்திருக்கு, பதிய வர்ற பசங்க கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். குடுக்க முடியாதுப்பா."

"பொண்டாட்டி கூடப் பொறந்தவன் சார். நான் இல்லாம எப்படி?"

"அர நாள் எடுத்துக்க. மத்தியானம் வந்துடணும்."

தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். இரண்டு பேருக்கும் இதில் ஏதும் விநோதமாகத் தெரியவில்லை. "சார், அவருக்கு லீவு குடுக்குற அதிகாரம் நமக்கு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். சூப்பிரண்டு முறுக்கை நிறுத்திவிட்டு யோசித்தார். "குடுக்குற அதிகாரம் இல்லதான். அதனாலதான் அர நாளோட நிறுத்திட்டேன்" என்றார்.

சீனியாரிட்டிக்குத் தேவனாம்பட்டினம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். வலையை இழுக்கப் போனவரை மற்றவர்கள் இழுத்து வரவேண்டியிருந்ததால் படிக்க அனுப்பிவிட்டார்கள். சுனாமி வந்து படகுகளை அடித்துக்கொண்டு போன வருஷம் அந்த வீட்டில் காலையில் குளித்துச் சாப்பிட்டு வேலைக்குக் கிளம்பிய ஒரே ஆள் இவர்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்ள எங்க இருக்காரு?" என்று கேட்டதற்கு அவர் அம்மா, "எம்புள்ள வேலவாய்ப்பு ஆபீசுல இருக்கான்" என்று சொன்னார்களாம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கல்யாணமாகி முதல் மாசக் கடைசியில்தான் அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் சம்பாதிக்கப் போனார். போகும்போது இவருக்கு டிபன் கட்டிக் கொடுத்தார்.

ஆபீசில் எங்களுக்குப் பெரிய தலைவலி வேலைப்பளு அல்ல. "எப்ப வேலை வரும்?" என்ற கேள்விதான். பி.ஏ. படித்த பையன் கேட்பான், கைக்குழந்தையோடு நர்ஸ் படித்த பெண் கேட்பாள். நான் "தெரியாதுங்க" என்பேன். அவர்கள் முகம் சுருங்கிப்போகும். சீனியாரிட்டி உடனே நடுவில் புகுவார்.

"எனக்கு வந்துச்சா?"

"உங்களுக்கா சார்?"

"நான் உனக்கு முன்னாடி பதிஞ்சவன். எனக்கே இன்னும் வரல. எனக்கு வந்ததும் உனக்கு வரும். தெம்பாப் போ."

அவர் பதிவு வேறு, அந்தப் பையன் பதிவு வேறு, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் கேட்டவன் தெம்பாகப் போவான். நானும் ஒரு தடவை அதையே சொல்லிப் பார்த்தேன். "நீங்கதான் உள்ள ஒக்காந்திருக்கீங்களே" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. எங்கும் வேலை பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். பொய்யென்று தெரிந்தால் தொகை நிற்கும், பதிவும் ரத்தாகும் என்று எங்களுக்கு உத்தரவு. சீனியாரிட்டியும் போட்டார், வாங்கினார். எல்லார் விண்ணப்பத்தையும் வரிசைப்படுத்தி அடுக்கியதும் அவர்தான்.

இந்த நேரத்தில் காடாம்புலியூரில் இருந்து ஒரு ஆள் விண்ணப்பம் கொடுக்க வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். வரிசையைப் பார்த்தார், நேராக முன்னால் வந்து பழத்தை சீனியாரிட்டியின் காலடியில் வைத்தார். "உங்களுக்குத்தான் சார், நம்ம தோட்டத்துது" என்றார். சீனியாரிட்டி பழத்தைப் பார்த்தார். "பழத்தோட போயி கடைசில நில்லு" என்றார். அந்த ஆள் வெயிலில், பழத்தைக் காலால் தள்ளித் தள்ளி, மத்தியானம்வரை வரிசையில் நகர்ந்தார். அவர் முறை வந்தபோது ஆபீசே பலாப்பழ வாசனையில் இருந்தது. யாருக்கும் ஒரு சுளை கிடைக்கவில்லை என்பதில் சூப்பிரண்டுக்கு இன்றுவரை வருத்தம்.

ஒரு மாதத்தில் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போய்விட்டது. 'மேற்படி நபர் தங்கள் அலுவலகத்திலேயே தினமும் வேலை பார்த்துக்கொண்டு, வேலை இல்லை என்று உதவித்தொகை வாங்குகிறார்.' எழுதியது யார் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தேவைப்படவில்லை.

விசாரணை அதிகாரி வருகிறார் என்றதும் சூப்பிரண்டு ஆடிப்போய் சீனியாரிட்டியைக் கூப்பிட்டார். "இந்தாப்பா, தொகை போனாப் போவுது. நீ வேலை பாக்குறன்னு ஆபீசரு எழுதிட்டா பதிவே போயிடும். இருவது வருஷ சீனியாரிட்டி. சும்மா வந்து போறேன்னு சொல்லிடு. நாங்களும் அப்படியே சொல்லிடுறோம்."

"சும்மாவா சார்?"

"சும்மாதான்."

கையில் இருந்த கட்டைப் பீரோவில் வைக்கப் போனார்.

அதிகாரி வந்தார். வாசலில் போய் வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதிகாரி தண்ணீரைக் குடித்துவிட்டு அவரிடமே, "அந்த ஆள வரச் சொல்லுப்பா" என்றார்.

"நான்தான் சார்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூப்பிரண்டைக் கேட்டார். "ஃபேன் காத்துக்கு வருவாரு சார்" என்றார் சூப்பிரண்டு. அந்த ஆபீசில் ஃபேன் சுற்றியதை யாரும் பார்த்ததில்லை. அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவரு இங்க என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்றதில்ல சார்."

"இவரால ஆபீசுக்கு உபயோகம் எதாவது?"

"இல்ல சார்."

சீனியாரிட்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. "நான் சும்மா வந்து போறவன் சார்" என்றார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டார். புகார் ஆதாரமற்றது என்று அதிகாரி முடித்தார். பதிவு பிழைத்தது. எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

அதிகாரி பழக்கதோஷத்தில் காகிதத்தை அவரிடமே நீட்டி, "ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாப்பா" என்றார்.

"நான் இங்க வேலை செய்யறதில்ல சார்" என்று சொல்லிவிட்டு சீனியாரிட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வரிசை என்பது கூட்டமாகி, கூட்டம் சண்டையானது. எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சூப்பிரண்டு பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தே இளைத்தார். நான் முந்தின பஸ்ஸைப் பிடித்து நேரத்துக்குப் போனேன், கவனிக்கத்தான் வாசலில் ஆள் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி மீன் கூடையோடு ஆபீசுக்குள் வந்தார்.

"என்னாம்மா பண்ணீங்க எங்க மாமாவ? ரெண்டு நாளு செவுத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. மூணா நாளு மார்க்கெட்டுக்கு வந்து, மீனு வாங்க வந்தவுங்கள வரிசையில நில்லுங்கன்றாரு. எல்லாம் பக்கத்துக் கூடைக்குப் போயிட்டாங்க. என் பொழப்பு நாறுது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சோறு போட்டா தட்டப் பாத்துகிட்டே கேக்குறாரு. இருவது வருசமா நான் சும்மாவா இருந்தேன்னு. நான் என்னா சொல்றது? நீங்க படிச்சவுங்க, நீங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் இருந்து இறங்கி ஆபீசுக்குப் போகாமல் தேவனாம்பட்டினம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கரையில் ஒரு படகின் நிழலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். டக்-இன் இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"ஆபீசு நேரத்துல இங்க என்னா?"

"உங்களக் கூட்டிட்டுப் போக வந்தேண்ணே."

"உபயோகம் இல்லாத ஆள எதுக்கு?"

"அப்படிச் சொல்லலன்னா உங்க பதிவு போயிருக்கும்ணே."

"தெரியும். நீ சொன்னது சரிதான், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல." மணலைக் கொஞ்ச நேரம் கிளறினார். "ஆனா நீ டக்குனு சொல்லிட்ட. கொஞ்சம் யோசிச்சிட்டு சொல்லியிருக்கலாம்."

அலை வந்து வந்து போனது. அவரே கேட்டார்.

"ஆபீசு அனுப்புச்சா? இல்ல நீயா வந்தியா?"

"ஆபீசுக்கு உங்கள யாருன்னே தெரியாதுண்ணே. எழுதியே குடுத்தாச்சு. நான்தான் வந்தேன்."

என்னைப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார்.

"மணி என்னா இருக்கும்?"

"பத்தரை ஆவப்போவுது."

"அப்ப கவுண்ட்டர்ல யாரு?"

"யாரும் இல்லண்ணே."

எழுந்து வீட்டுக்கு ஓடினார். தலையில் தண்ணீர் சொட்ட, சட்டையைச் செருகிக்கொண்டே வந்து பஸ்ஸில் ஏறினார். ஏறியதில் இருந்து திட்டு. கவுண்ட்டரை அப்படியே போட்டுவிட்டு வருவாயா, நெல்லிக்குப்பத்தில் இருந்தும் பண்ருட்டியில் இருந்தும் பஸ் காசு செலவு பண்ணி வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், பொறுப்பு வேண்டாமா, சம்பளம் வாங்கவில்லையா. பஸ்ஸே எங்களைப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுவது தெரிந்தால் அதற்கும் திட்டுவார்.